ஊசியைக் கண்டால் மயக்கம்: உடம்பைத் தளர்த்தாதீர்கள், இறுக்குங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. லேப்பில் ரத்தம் எடுக்கும்போது மயங்கி விழுந்துவிடுகிறேன். யாருக்காவது விரல் அறுபட்டு ரத்தம் வந்தாலும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. "மூச்சை நன்றாக இழுத்து விடு, உடம்பைத் தளர்த்திக்கொண்டு உட்கார்" என்கிறார்கள். அப்படிச் செய்தும் விழுகிறேன். திருமணமாகி ஓராண்டு ஆகிறது. கர்ப்பமானால் எத்தனை ஊசி, எத்தனை முறை ரத்தப் பரிசோதனை என்று நினைத்தே தள்ளிப்போடுகிறேன். இதற்கு வழி உண்டா?

பதில்:

உண்டு. மனப் பயங்களிலேயே சீக்கிரம் வசத்துக்கு வருகிற பயங்களில் இதுவும் ஒன்று. ஆனால் உங்களுக்குக் கிடைத்த ஆலோசனை, நல்ல மனதோடு சொல்லப்பட்டதானாலும், உங்கள் பயத்துக்குப் பொருந்தாது. மற்றப் பயங்களுக்கு மருந்தாக இருப்பது இந்த ஒரு பயத்துக்கு எதிராகப் போகும். ஏன் என்று புரிந்துவிட்டால் மீதியெல்லாம் பழக்கம்தான்.

பாம்பைக் கண்டோ உயரத்தில் நின்றோ பயப்படுகிறவருக்கு இதயம் படபடவென்று அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ஏறியபடியே நிற்கும். "மயங்கிவிடுவேன் போலிருக்கிறது" என்பார்களே தவிர மயங்குவது அபூர்வம். அழுத்தம் ஏறி நிற்கும்போது மூளைக்கு ரத்தம் குறைவதில்லை. ரத்தம், ஊசி, காயம் பற்றிய பயம் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் சில நொடிகளோ நிமிடங்களோ இதயத்துடிப்பும் அழுத்தமும் ஏறும். பிறகு எதிர்ப்பக்கம் சரியும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும். அதே நேரத்தில் காலிலும் வயிற்றிலும் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் கீழே தேங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் போதாமல் போனாலே நினைவு தப்பிவிடும்.

இப்போது பாருங்கள்: உடம்பைத் தளர்த்துவது அழுத்தத்தை இன்னும் இறக்கும். ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும் அழுத்தத்தை நாமும் சேர்ந்து தள்ளிவிடுகிறோம். 1950களில் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே, தசைகளைத் தளர்த்தியபடி பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். பல பயங்களுக்கு அது பலன் தந்தது. அதனால் எல்லாப் பயத்துக்கும் "ரிலாக்ஸ்" என்ற ஒரே சொல் பரவிவிட்டது. ரத்தப் பயத்துக்கு நேர்மாறான வழியை ஸ்வீடன் நாட்டு உளவியலாளர்கள் லார்ஸ் யோரான் ஓஸ்டும் உல்ஃப் ஸ்டெர்னரும் 1987இல் விரிவாக எழுதினார்கள். தசைகளை இறுக்கி அழுத்தத்தை மேலே தூக்கி, அந்த நிலையிலேயே ரத்தத்தையும் ஊசியையும் பார்ப்பது என்பது அவர்களுடைய முறை. அவர்கள் வகுத்த சிகிச்சை ஐந்தே அமர்வுகளில் முடிவது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது கோழைத்தனம் இல்லை. பெரிய பெரிய வேலைகளைத் துணிந்து செய்கிறவர்களுக்கும், நர்சிங் படிக்க வந்த பிள்ளைகளுக்கும் இது உண்டு. பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வருவது. அப்பாவையோ சித்தியையோ கேட்டால் "எனக்கும் சின்ன வயதில் இப்படித்தான்" என்று சொல்லக்கூடும்.

இறுக்கும் பயிற்சியை முதலில் ஊசி எதுவும் பக்கத்தில் இல்லாதபோது வீட்டில் பழக வேண்டும். முதுகு சாய்ந்து உட்காரக்கூடிய நாற்காலி போதும். இரண்டு கை முஷ்டி, மேற்கை, நெஞ்சு, வயிறு, பிட்டம், தொடை, கெண்டைக்கால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். 10 முதல் 15 நொடி வைத்திருங்கள். முகத்தில் லேசான சூடு ஏறுவது தெரியும். அதுதான் அளவு, அதுவரை விடக்கூடாது. பிறகு 20 முதல் 30 நொடி விடுங்கள். மறுபடி இறுக்குங்கள். இப்படி ஐந்து தடவை செய்தால் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு ஐந்து சுற்று, ஒரு வாரம். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம்கூட ஆகாது. பஸ்ஸிலும் அலுவலக நாற்காலியிலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. பெரும்பாலோர் இறுக்கும்போது மூச்சையும் அடக்கிவிடுகிறார்கள். மூச்சைப் பிடித்து முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்துவிடும். எதற்காக இறுக்குகிறோமோ அதற்கே எதிராகிவிடும். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறுக்கினால் மூச்சு தானாக ஓடும். இரண்டாவது தவறு, விடும்போது துவண்டு சாய்வது. இறுக்கத்தை விட்டு இயல்பான நிலைக்கு வந்தால் போதும். முழுதாகத் தளர்ந்தால் அழுத்தம் மறுபடி கீழே போகும். மூன்றாவது, கையை மட்டும் இறுக்குவது. ரத்தம் தேங்குவது காலில். தொடையும் பிட்டமும் வேலை செய்யாவிட்டால் பலன் பாதிதான். இறுக்கித் தலைவலி வந்தால் பலத்தைக் குறையுங்கள், சுற்றைக் குறைக்க வேண்டாம்.

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை இவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கர்ப்பத்திலும் கேட்க வேண்டும். அப்போது பொதுவாக வயிற்றை விட்டுவிட்டு கை, தொடை, கெண்டைக்காலை மட்டும் இறுக்கினால் போதும். நீங்கள் இன்னும் கர்ப்பமாகவில்லை என்பதால் பயிற்சிக்கு இதுவே நல்ல காலம்.

மூன்றாம் நாளிலிருந்து ஒரு சிறிய மாற்றம். ரத்தம் எடுக்கப்போகும் கையை மட்டும் துணி போலக் கிடக்க விட்டு, மற்றதையெல்லாம் இறுக்கப் பழகுங்கள். முதலில் அந்தக் கையும் கூடவே இறுகும். இரண்டு மூன்று நாளில் பிரித்துக்கொள்ள வந்துவிடும். இது முக்கியம். இறுகிய தசைக்குள் போகும் ஊசி கூடுதலாக வலிக்கும்.

அடுத்தது அடையாளம் தெரிந்துகொள்வது. மயக்கம் திடீரென்று வருவதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் அதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். அடிக்கடி கொட்டாவி, வயிற்றைப் புரட்டுதல், நெற்றியிலும் உள்ளங்கையிலும் குளிர்ந்த வியர்வை, காது அடைத்து ஓசை தூரத்தில் கேட்பது, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி வருவது. முதலில் வருவது ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும். உங்களுக்கு எது என்று கண்டுபிடித்து எழுதி வையுங்கள். அது தெரிந்த அந்த நொடியிலேயே இறுக்கத் தொடங்க வேண்டும். காது அடைத்த பிறகு தொடங்கினால் பல சமயம் நேரம் கடந்துவிடும். விரல் நுனியும் உதடும் மரத்து ஊர்ந்தால் அது வேறு: பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுகிறீர்கள் என்று பொருள். அதற்கு மூச்சை மெதுவாக்க வேண்டும், ஆழமாக்க வேண்டாம். "நன்றாக இழுத்து விடு" என்று சொல்வது இங்கேயும் இடைஞ்சல்தான்.

ஒரு வாரப் பயிற்சி முடிந்ததும் பயத்தோடு நேரடிப் பழக்கம் தொடங்கலாம். எதையெல்லாம் பார்த்தால் என்ன ஆகிறது என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, குறைவானதிலிருந்து ஏறுங்கள். படிக்கட்டு ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக இப்படி அமையும்: ஊசி போடும் கார்ட்டூன் படம்; சிரிஞ்சின் புகைப்படம்; மெடிக்கல் ஷாப்பில் 2 மில்லி டிஸ்போசபிள் சிரிஞ்சு ஒன்று வாங்கி, உறையைப் பிரிக்காமல் மேசையில் வைத்திருப்பது; உறையைப் பிரித்துக் கையில் பிடிப்பது, மூடியைக் கழற்றாமல்; பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு முழங்கை மடிப்பில் தடவிக்கொள்வது; ரத்தம் எடுக்கும் வீடியோவை ஓசையில்லாமல், பிறகு ஓசையோடு பார்ப்பது; லேப்பில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது; ரப்பர் பட்டை கட்டி அவிழ்க்கச் சொல்வது; விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுப்பது; கடைசியாக, ரத்தம் எடுப்பது. ஸ்பிரிட் வாசனையைச் சின்ன விஷயம் என்று தாண்ட வேண்டாம். ஆஸ்பத்திரி வாசனை மூக்கில் ஏறியதுமே பலருக்கு உடம்பு சரியத் தொடங்குகிறது.

ஒவ்வொரு படியிலும் பயம் தொடங்கிய மதிப்பெண்ணில் பாதிக்கு இறங்கும்வரை இருக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகலாம், முக்கால் மணியும் ஆகலாம். உச்சத்தில் எழுந்து ஓடினால் "தப்பித்ததால்தான் பிழைத்தேன்" என்று மூளை பாடம் கற்றுக்கொள்ளும், அடுத்த முறை பயம் இன்னும் கூடும். அதே படியை சலித்துப்போகும்வரை மீண்டும் செய்துவிட்டு மேலே போங்கள். முதல் வாரங்களில் மேல்படிகளைப் படுத்தபடியோ சோபாவில் சாய்ந்தோ செய்யுங்கள். விழுந்தாலும் அடிபடாத இடமாக இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். அடையாளம் தெரிந்தால் இறுக்கம், மறைந்தால் இயல்பு நிலை, மீண்டும் பார்வை.

பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். நாளைக்கே ரத்தம் கொடுக்க வேண்டுமானால் திருப்பிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் பயம் போக வேண்டுமானால் ஒரு நாள் பார்த்தே ஆக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தவருக்கு அடுத்த தடவையும் அதே பயம் அப்படியே இருக்கும்.

இனி லேப்புக்குப் போகும் நாள். வெறும் வயிற்றுப் பரிசோதனை என்றால் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். பட்டினி நேரம் நீள நீள மயக்கம் எளிதாகிறது. வெறும் வயிறு என்றாலும் வெறும் தண்ணீர் குடிக்கலாம், சர்க்கரைப் பரிசோதனைக்கும் கொழுப்புப் பரிசோதனைக்கும் அதனால் கெடுதல் இல்லை. காபி, டீ கூடாது. அரை மணி நேரம் முன்பு அரை லிட்டர், அதாவது இரண்டு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துவிடுங்கள். ரத்ததானம் செய்கிறவர்களிடமும் இது மயக்கத்தைக் குறைக்கிறது. உடம்பில் நீர் போதுமாக இருந்தால், லேப்காரர் "நரம்பு கிடைக்கவில்லை" (ரத்தக் குழாயைத்தான் அப்படிச் சொல்வார்கள்) என்று இரண்டாவது முறை குத்த வேண்டிய தேவையும் குறையும்.

உள்ளே போனதும் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "ரத்தம் எடுத்தால் எனக்கு மயக்கம் வரும், படுக்க வைத்து எடுங்கள்." வெட்கப்பட வேண்டாம். லேப்பில் வேலை செய்கிறவருக்கு நோயாளி நாற்காலியிலிருந்து சரிந்து மண்டை உடைவதைவிட, கட்டில் ஒதுக்குவது எவ்வளவோ எளிது. படுத்த நிலையில் இதயமும் மூளையும் ஒரே மட்டத்தில் இருப்பதால் அழுத்தம் இறங்கினாலும் நினைவு தப்புவது மிகவும் குறைவு. ரத்தக் குழாய் மெல்லியதாக இருந்தால், இறக்கை வைத்த மெல்லிய பட்டர்ஃப்ளை ஊசி கேட்கலாம். ரப்பர் பட்டை கட்டும்போதே ஊசிக்கை தவிர்த்த இறுக்கத்தைத் தொடங்குங்கள், கணுக்கால்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டுத் தொடைகளை நெருக்குவது படுத்தபடி செய்ய வசதி. பொதுவாக எடுப்பது 5 முதல் 10 மில்லி, ஒன்றிரண்டு டீஸ்பூன். பெரியவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ரத்தக் குழாய் சரியாகக் கிடைத்துவிட்டால் ஊசி உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்தான்.

ஊசி வெளியே வந்ததும் "முடிந்தது" என்று எழுந்து நடப்பவர்கள் வராந்தாவில் விழுகிறார்கள். பயம் விலகும் அந்த நிமிடத்தில்தான் அழுத்தம் சரிவதும் உண்டு. கையை மடக்காமல் நீட்டி, பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தபடி பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருங்கள். பிறகு காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு எழுந்திருங்கள். அன்றைக்குத் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

கூட வருகிறவருக்கும் சில செய்திகள். மயங்குகிறவரைக் கைத்தாங்கலாக நாற்காலியில் நிமிர்த்திப் பிடிப்பதுதான் நம் ஊரில் எல்லாரும் செய்கிற உதவி. ஆபத்தானதும் அதுதான். மூளைக்கு ரத்தம் ஏற விடாமல் நாமே தடுக்கிறோம். தரையில் மல்லாந்து படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பும். அந்த நேரத்தில் கை கால் சில தடவை வெட்டி இழுக்கலாம். அது வலிப்பு நோய் இல்லை, மூளைக்கு ரத்தம் குறைந்ததால் வருவது. சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. முழு நினைவு வந்து தானே உட்கார்ந்த பிறகு கொடுக்கலாம்.

எல்லா மயக்கத்தையும் ரத்தப் பயத்தின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. ஓடும்போதோ மாடிப்படி ஏறும்போதோ மயங்குவது, படுத்திருக்கும்போதே மயங்குவது, நெஞ்சுவலியோ படபடப்போ வந்து மயங்குவது, குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம், விழித்த பிறகும் வெகுநேரம் குழப்பம், நாக்கின் ஓரத்தைக் கடித்திருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்த்து ஈசிஜி எடுக்க வேண்டும்.

வலிதான் பயம், மயக்கம் வருவதே இல்லை என்பவர்களுக்கு வழி வேறு. அவர்கள் தளர்த்தினாலும் கெடுதல் இல்லை, மரத்துப்போகச் செய்யும் களிம்பு கைகொடுக்கும். லிடோகெயின் 2.5 சதவீதமும் பிரிலோகெயின் 2.5 சதவீதமும் கலந்த களிம்பை, குத்தப்போகும் இடத்தில் கனமாக வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி ஒரு மணி நேரம் விட வேண்டும். பத்து நிமிடம் தடவிவிட்டு "வேலை செய்யவில்லை" என்பதுதான் இதில் நடக்கும் தவறு. கைக்குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது. பதற்ற மாத்திரை போட்டுக்கொண்டு போவது மயங்குகிறவர்களுக்கு உதவாது, மனம் அடங்கினாலும் அழுத்தம் சரிவதை அது தடுப்பதில்லை.

நீங்கள் பயப்படும் கர்ப்ப காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கான சர்க்கரைப் பரிசோதனை பெரும்பாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுக்கும் முறையில் நடக்கிறது. சாப்பிட்டிருந்தாலும் செய்யலாம். பட்டினியும் வேண்டாம், மூன்று முறை குத்தவும் வேண்டாம். மற்றப் பரிசோதனைகளிலும், ஒரே நாளில் ஒரே குத்தலில் எடுக்க முடிந்ததையெல்லாம் சேர்த்து எடுக்கச் சொல்லலாம். முதல் வருகையிலேயே உங்கள் மயக்கத்தைப் பதிவு அட்டையில் எழுதச் சொல்லுங்கள். மாதம் ஏறிய பிறகு மல்லாந்து படுப்பதே அழுத்தத்தை இறக்கும், கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்துவதால். அப்போது இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்க வேண்டும்.

ஊசிப் பயத்தால் தள்ளிப்போடவே கூடாத ஒன்று நாய்க்கடி. "தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்ற பேச்சு இன்னும் வீடுகளில் சுற்றுகிறது. அந்தப் பழைய மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டு இருபது ஆண்டுகளாகிவிட்டன. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்களில் இரண்டு கைகளிலும் 0.1 மில்லி வீதம், அவ்வளவுதான். காயம் ஆழமானால் காயத்தைச் சுற்றியும் மருந்து செலுத்துவார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

பிள்ளை பெற்ற பிறகு இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். "சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்ற மிரட்டல் வேண்டாம். தண்டனையாகப் பழகிய ஊசியை அந்தக் குழந்தை பிறகு எப்படி மருந்தாக நினைக்கும்? "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். "எறும்பு கடித்த மாதிரி இருக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்வேன்" என்பது உண்மை, அது போதும்.

தனியாக முடியவில்லை என்றால் மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். "ரத்தப் பயம், மயக்கம் வருகிறது, தசை இறுக்கும் பயிற்சியோடு சிகிச்சை வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

ஒருமுறை மயங்காமல் ரத்தம் கொடுத்துவிட்டால் பயிற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள், ஓராண்டு கழித்து மறுபடி விழுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு சுற்று இறுக்கம், மாதம் ஒருமுறையாவது ரத்தம் எடுக்கும் வீடியோ பார்ப்பது என்று ஆறு மாதம் தொடருங்கள். இடையில் ஒரு தடவை விழுந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. படிக்கட்டில் இரண்டு படி கீழே இறங்கி, அங்கிருந்து ஏறுங்கள்.